விண்ணப்பிப்பது பேராசையா?



எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த சில வாரங்களில் நம் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது, "அண்ணே, எனக்கு இடம் கிடைக்குமா?" என்றுதான். இந்த முறை ஒரு தம்பி வேறு மாதிரி கேட்டான். "அண்ணே, ஸ்கூல் ரிசல்ட் சுமார்தான். ஆனா நுழைவு டெஸ்ட்ல நல்ல மார்க் வந்திருக்கு. இதை வச்சுகிட்டு பெரிய யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டா, அது பேராசையாண்ணே?"

கிடைக்குமா என்பதற்கு இணையப் பக்கமே பதில் சொல்லிவிடும். பேராசையா என்பதற்கு எந்தப் பக்கமும் பதில் சொல்லாது. அது தர்மத்தைப் பற்றிய கேள்வி. நமக்கு உரியதைக் கேட்கிறோமா, உரியதல்லாததைக் கேட்கிறோமா என்ற கேள்வி. அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பேசுவதற்கு வசதியாக ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம்.மில் இரண்டு ஏ, மற்றதெல்லாம் பி, சி. நான்காம் படிவத்திலிருந்து சனி ஞாயிறுகளில் கே.எல்.ஐ.ஏ. பக்கம் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை. வீட்டில் தம்பி தங்கை இருவர். கான் அகாடமியில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியைக் கைப்பேசியிலேயே செய்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பார்க்கும் எஸ்.ஏ.டி. தேர்வை எழுதுகிறான். 1600க்கு 1450 வருகிறது. மூவெட் ஆங்கிலத் தேர்விலும் பேண்ட் 5. இப்போது அவன் கையில் இரண்டு காகிதம். ஒன்று அவனைச் சாதாரணப் பையன் என்கிறது. இன்னொன்று கெட்டிக்காரன் என்கிறது. எதை நம்புவது?

இந்தக் கேள்வி டெங்கிலில் கேட்கப்படும்போது அதற்குத் தனி கனம் உண்டு. புத்ராஜெயா கட்ட நிலம் எடுத்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி என்ற நான்கு தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். தற்காலிகம் என்று நினைத்து வந்த வீட்டிலேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, படிவம் ஐந்தும் முடித்துவிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவே இல்லை. பாங்கியில் யூ.கே.எம்., செர்டாங்கில் யூ.பி.எம்., சைபர்ஜெயாவில் எம்.எம்.யூ. நம் டெங்கிலிலேயே யுஐடிஎம் அடிப்படைக் கல்வி மையம் இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. நம் பிள்ளை எத்தனை ஏ வாங்கினாலும் அந்தக் கதவு அவனுக்கு இல்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஏனென்றால் 'இது உனக்கில்லை' என்று சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, திறந்திருக்கும் கதவும் மூடியிருப்பது போலத்தான் தெரியும். பேராசையா என்ற அந்த வார்த்தை அங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதவுகளைத் தெரிந்துகொள்வோம். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இல்லை.

நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யு. வழியாகப் போகிறோம். அங்கே தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. நீ ஏன் கணிதத்தில் சி வாங்கினாய் என்று அந்தக் கணக்கு கேட்காது. உன் அப்பா டயாலிசிஸுக்குப் போனாரா, நீ ராத்திரி ஷிஃப்ட் பார்த்தாயா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மெட்ரிகுலேஷன் இன்னொரு வழி. 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் நாம் பேசும் பிள்ளையிடம் இருப்பது இரண்டு ஏ. அவனுக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் மாறவில்லை.

அவனுக்கு உள்ளூரில் உள்ள நேர்மையான இரண்டாவது வாய்ப்பு ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். எடுத்துப் போகிறவர்களுக்குத் தகுதிப் புள்ளி அந்த சி.ஜி.பி.ஏ.விலிருந்து கணக்காகும். எஸ்.பி.எம்.மில் கேட்கிற அடிப்படைத் தகுதி இருந்தால், பழைய பி-யும் சி-யும் பின்னால் போய்விடும். இதை ஏனோ நம் வீடுகளில் மரியாதையாகப் பேசுவதில்லை. "ஃபார்ம் சிக்ஸா? வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தேர்வின் ஒரு தாளைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வகைக் கதவு, கோப்பு முழுவதையும் படிக்கிற கதவு. அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல இப்படி. பள்ளி மதிப்பெண், தேர்வு, ஆசிரியர் கடிதம், நீ எழுதும் கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணவசதி பார்க்காமல் இடம் கொடுத்து, தேவையான உதவியும் தருகின்றன. ஆனால் எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று இதை மறைத்தால் அது நம்பிக்கையாகாது.

சரி, இரண்டு காகிதத்துக்கு வருவோம். எது உண்மை?

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்கு அநீதி என்று சொல்லி, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை எடுத்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றார்கள். பத்து வருடம் கழித்து நீட் வந்தது. அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். பழைய கணக்கில் மருத்துவ இடம் நிச்சயம். நீட் கணக்கில் இல்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பிள்ளையை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

நம் பிள்ளையின் நிலை அனிதாவின் நிலைக்கு நேர் எதிர். அவருக்குப் பள்ளி மதிப்பெண் உயரம், தேர்வு குறைவு. இவனுக்குத் தேர்வு உயரம், பள்ளி மதிப்பெண் குறைவு. ஆனால் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான். எந்த எண்ணை அளவுகோலாக எடுப்பது என்பது மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவு. ஒரு சட்டத்தால் வரும், இன்னொரு தீர்ப்பால் போகும். 2006இல் ஒன்று நியாயமாக இருந்தது, 2017இல் இன்னொன்று. இப்படி மாறக்கூடிய ஒன்று உன் ஆன்மாவின் எடையாக எப்படி இருக்க முடியும்? நான் உடம்பல்ல என்று வகுப்பில் பாடம் எடுக்கிறோம். நான் கிரேடும் அல்ல என்று யாரும் எடுப்பதில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அதே அடி 1450க்கும் விழும். கிரேடு நீ இல்லை என்றால், டெஸ்ட் ஸ்கோரும் நீ இல்லை. இந்த இரண்டாவது பாதியை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்குக் கஷ்டம். "நான் உண்மையில கெட்டிக்காரன்தான், ஸ்கூல்ல படிக்கல, அவ்ளோதான்" என்பது கேட்க நன்றாக இருக்கிற ஒரு அகங்காரம். சனிக்கிழமை இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்து வாங்கிய எண், உனக்குள் என்ன சக்தி இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய எண், அந்தச் சக்தியைத் தினமும் என்ன செய்தாய் என்பதைக் காட்டுகிறது. நம் மரபில் முதலாவதுக்கு வரம் என்று பெயர், இரண்டாவதுக்குத் தவம் என்று பெயர். வரம் வாங்கிய அசுரர்கள் கதை நமக்குத் தெரியும்.

பல்கலைக்கழகம் இரண்டே கால் மணி நேரமல்ல, நான்கு வருடம். அதனால் 'இவனுக்கு மூளை இருக்கிறது, தினமும் உழைப்பானா?' என்று அவர்கள் கேட்பது அவமானம் அல்ல. நியாயமான கேள்வி. நாமே ஒரு கடையில் ஆள் எடுத்தால் அதைத்தான் கேட்போம்.

அப்படியானால் அந்த சி-க்கள் ஏன் வந்தன? விண்ணப்பத்தின் தர்மசங்கடம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. காமன் அப் படிவத்தில் கூடுதல் தகவல் எழுத ஒரு பகுதி உண்டு. அங்கே எழுதலாம். எழுதுவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, காரணம் எது, சாக்கு எது என்று பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைகூட ஒன்றாகவே இருக்கும். "வீட்டுச் சூழ்நிலை" என்று எழுதுகிறான். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, ஆறு மாதம் தம்பியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன் எழுதினால் அது காரணம். அதே ஆறு மாதம் விடிய விடிய மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடியவன் எழுதினால் அது பொய். படிக்கும் அதிகாரிக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். எழுதியவனுக்குத் தெரியும்.

சில பேருக்கு இரண்டும் கலந்திருக்கும். பாதி வேலை, பாதி சோம்பல். பெரும்பாலோருக்கு அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் என்ன எழுதுவது? வேலையை எழுதட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதைக் கூட்டாமல் எழுதட்டும். எல்லாப் பழியையும் அதன் மேல் போடாமல் இருக்கட்டும். விளையாடியதைப் பாவமன்னிப்பு மாதிரி எழுதத் தேவையில்லை. படிவம் கேட்காத எல்லாவற்றையும் கொட்டுவது சத்தியம் ஆகாது. ஆனால் கேட்ட இடத்தில் மாற்றிச் சொல்வது அசத்தியம்.

மகாபாரதத்தில் கர்ணன் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். அரங்கத்தில் அர்ஜுனன் செய்ததையெல்லாம் அவனும் செய்து காட்டுகிறான். இன்றைய பாஷையில் சொன்னால் டெஸ்ட் ஸ்கோர் சமம். அதன்பிறகு கேட்கிறார்கள், உன் குலம் என்ன, உன் தகப்பன் யார் என்று. அவன் தலை குனிகிறது. அங்கே அவனுக்கு நடந்தது அநீதி, சந்தேகமே இல்லை. ஆனால் இதே கர்ணன்தான் பரசுராமரிடம் வித்தை கற்கப் போனபோது தன்னைப் பிராமணன் என்று சொல்லிச் சேர்ந்தான். வண்டு துளைத்த தொடையோடு, குருவின் தூக்கம் கலையக்கூடாது என்று அசையாமல் இருந்தானே, அந்தப் பொறுமை பொய்யா? இல்லை. வித்தை பொய்யா? அதுவும் இல்லை. விண்ணப்பம் மட்டும்தான் பொய். அந்த ஒன்றினால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் மந்திரம் மறக்கும் என்ற சாபம் வந்தது. உலகம் அவனுக்கு அநியாயம் செய்தது, அதனால் அவன் பொய் சொன்னான் என்று நாம் பரிவாகச் சொல்லலாம். நானும் பரிவோடுதான் படிக்கிறேன். ஆனாலும் அந்தப் பொய் ஒரு அநியாயத்தையும் சரி செய்யவில்லை.

இன்றைக்குக் காசு கொடுத்தால் கட்டுரை எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். காசில்லாதவனுக்குச் சாட்ஜிபிடி இருக்கிறது. இலக்கணம் சரிபார்க்கச் சொல்வது ஒன்று. உன் வாழ்க்கையையே அது எழுதித் தருவது இன்னொன்று. அப்புறம் இடம் கிடைத்தாலும் யாருக்குக் கிடைத்தது?

இதற்கு மறுபக்கம் ராமானுஜன். பள்ளியில் கெட்டிக்காரர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கைத் தவிர எதையும் கவனிக்காததால் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? தான் மதராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது என்று. முதல் வரிகளிலேயே. வறுமையைக் காட்டி அழவும் இல்லை, தேர்வு முறையைத் திட்டவும் இல்லை. இது என் நிலை, இது என் கணக்கு, பாருங்கள் என்கிறார். பின்னால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

"நாம என்ன ராமானுஜனாண்ணே?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் அவருடைய மூளையைப் பின்பற்றச் சொல்லவில்லை, அது யாராலும் ஆகாது. அந்தக் கடிதத்தின் முதல் நான்கு வரியைப் பின்பற்றலாம். அது எல்லோராலும் ஆகும்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கே வருகிறேன். பேராசையா?

பேராசை என்பது பெரியதைக் கேட்பது அல்ல. பொய்யான விலை கொடுத்து வாங்க நினைப்பதும், கிடைக்காவிட்டால் உலகமே கெட்டது என்று நினைப்பதும்தான் பேராசை. உள்ளதை உள்ளபடி எழுதி, கேட்டுப் பார்ப்பதில் ஆசை இருக்கலாம், தப்பில்லை. கீதையில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னது, செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது. நம் வீடுகளில் இது எப்படியோ தலைகீழாகிவிட்டது. பலன் நம் கையில் இல்லை, அதனால் செயலும் வேண்டாம் என்கிறோம். "நமக்கு எழுதினது அவ்வளவுதான்" என்று ஒரு பெருமூச்சு. கீதை சொல்லப்பட்டதே வில்லைக் கீழே போட்டவனை எழுப்புவதற்காக. அதை வைத்தே வில்லைக் கீழே போடுகிறோம்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் இந்தத் தயக்கம் என்று நினைக்க வேண்டாம். கோவிட் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் பல, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம் என்றன. சில வருடம் கழித்து டார்ட்மத் கல்லூரி தன் பழைய விண்ணப்பங்களை ஆராய்ந்தது. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை, போதாது என்று தாங்களே முடிவு செய்து மறைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியின் நிலையோடு சேர்த்துப் பார்த்தால் அது மிக நல்ல மதிப்பெண். 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வை மறுபடியும் கட்டாயம் ஆக்கியது. எம்.ஐ.டி. 2022லேயே ஆக்கிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. ஆகவே எழுதும் முன் எந்தக் கல்லூரி எதைப் பார்க்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் செயலின் ஒரு பகுதிதான்.

அந்தப் பிள்ளைகள் செய்ததற்கு அடக்கம் என்று பெயர் வைக்கலாம். எனக்கு அது சம்மதமில்லை. அடக்கம் என்பது உண்மையான அளவைத் தெரிந்துகொண்டு அதற்கு மேல் பேசாமல் இருப்பது. உண்மையான அளவுக்குக் கீழே சொல்வதும் ஒரு வகைப் பொய்தான், பயத்தில் பிறந்த பொய்.

வேண்டாம் என்று பதில் வந்தால்? பெரும்பாலும் வரும். அந்த இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்காருவான், அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். வலிக்கும். ஒரு வாரம் வலிக்கட்டும். ஆனால் வலி ஒரு வாரத்தில் போகவில்லை, மனசு ரொம்ப இருட்டாகிறது என்றால் தனியாக வைத்திருக்காதீர்கள். எங்களிடம் வாருங்கள், இல்லையென்றால் பிஃப்ரெண்டர்ஸைக் கூப்பிடுங்கள். அனிதாவின் பெயரை மேலே எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக வீடு. "நாலு வருஷம் படிச்சா அதுவரைக்கும் குடும்பத்தை யார் பார்க்கிறது?" என்று அம்மா கேட்டால் அவர் உங்கள் எதிரி இல்லை. அவர் கேட்பதும் தர்மம்தான். மூத்த பிள்ளைக்கு வீட்டுக் கடமை உண்டு என்று நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் இல்லை. ஒரு பிள்ளை ஒரு வருடம் வேலை செய்து, தங்கை படிவம் ஐந்து முடித்ததும் எழுதலாம். இன்னொரு பிள்ளை யூ.கே.எம்.மில் சேர்ந்து, பி.டி.பி.டி.என். கடனோடு, வார இறுதியில் வீட்டுக்கு வரலாம். கோலாலம்பூரில் எம்.ஏ.சி.இ.இ. என்ற அமெரிக்கக் கல்வி ஆலோசனை மையம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டண விலக்கு எப்படிக் கேட்பது என்று அங்கே விசாரிக்கலாம்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். கட்டுரையை எழுதி முடித்ததும், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். வேலைக்குப் போன நாட்களும், படிக்காத நாட்களும் அவருக்குத் தெரியும். எந்த வரியில் அவர் நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.